ஸ்கேற்றுக்கு வைத்த தேசிக்காய்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெரு உறையப்போகிறது என்றாலே கவுன்சில் லொறி வந்து உப்பைத் தூவிவிட்டுப் போகும். அதே தெருவிலிருந்துதான் என் மகன் கபிலன் சனிக்கிழமைதோறும் பனியைத் தேடி ரெயின் ஏறுகிறான். வழுக்காமல் இருக்க ஊரே படாத பாடு படுகிறது. என் பிள்ளை வழுக்கப் போகிறான். அவன் படிக்கும் சின்னக் கல்லூரியின் ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் மொத்தம் பதின்மூன்று பேர். ஒரு வருடம் பெஞ்சில் குந்தியிருந்த பிறகுதான் கோல் காக்கும் இடம் அவனுக்குக் கிடைத்தது. "முதல் மட்ச் பிழைச்சால் திரும்பவும் பெஞ்ச்தான், அம்மா," என்றான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புது ஸ்கேற் வந்தது. சப்பாத்துக்கு அடியில் கத்திபோல இரும்பு. காலில் மாட்டினாலும் ஓடுகிற சாமான்தானே? யாழ்ப்பாணத்தில் அண்ணை மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று, அம்மா கண்ணூறு படாமல் இருக்கச் சில்லுகளுக்கு அடியில் இரண்டு தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்தார். நசுங்கிய சாறு முற்றத்து மண்ணில் ஊறிப் போனது. போட்டியன்று காலை நானும் வாசற்படியில் இரண்டு வைத்தேன்.

"போட்டுக்கொண்டு ஏறி மிதி, ராசா."

ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மிதித்தான். காய்கள் பிளந்தன, கீழே ஏதோ கரகரத்தது. எனக்கு மனம் நிறைந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பக்கவாட்டில் பாயப் போனவனுக்குக் கால் பிடிக்கவில்லை. விழுந்தான், கறுப்பு வட்டு வலைக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. கோச் அவனை வெளியே கூப்பிட்டு இரும்பைத் தடவிப் பார்த்தார். கொங்கிரீட்டில் நின்றாயா என்று கேட்டார். "மை ஃபோல்ட்," என்றான் கபிலன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் எங்கள் முற்றம் மண். இந்த வாசற்படி சீமெந்து.

இடைவேளையில் கோச்சிடம் போய், பையில் மிஞ்சியிருந்த தேசிக்காயை நீட்டி, பிழை என்னுடையது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதை வாங்கி மணந்து பார்த்தார். உங்களுக்கு நல்ல மனசு, ஆனால் இடைவேளையில் பெடியளுக்கு ஒரேஞ்ச்தான் கொடுப்பது வழக்கம் என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவள் நன்றி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கபிலனை அவர் பிறகு இறக்கவேயில்லை.

ரெயினில் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னேன்.

"கூர் போயிடும் எண்டு எனக்குத் தெரியாதடா."

"எனக்குத் தெரியும், அம்மா."

"தெரிஞ்சோ மிதிச்சனி?"

"நீங்கள்தானே சொன்னீங்கள். இட்ஸ் ஓகே."

ஓகே இல்லை. அவன் கோபித்திருந்தால்கூட ஆறியிருப்பேன். என் சொல்லுக்காக ஒரு வருடக் காத்திருப்பை மிதித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சனிக்கிழமை பெஞ்சில் இருக்கத்தான் போனான். புறப்படுமுன் ஸ்கேற்றைப் போட்டு, கூர் போகாமல் இரும்புக்குப் பிளாஸ்ரிக் உறை மாட்டி, வாசலுக்கு உள்ளே கால்மிதியில் வந்து நின்றான்.

"தேசிக்காய் எங்கை, அம்மா?"

வாங்கவே கூடாது என்றிருந்தேன். இரண்டும் என் கைக்குள்தான் இருந்தன. வைக்கவும் பயம், வைக்காமல் விடவும் பயம். குனிந்து வலது காலுக்கு மட்டும் ஒன்று வைத்தேன். இடது காலைச் சும்மா விட்டேன், அதன் கூர் பனிக்கு.