திங்கட்கிழமை மழையும் ஒரு குடம் புயலும்

வராத புயலுக்கும் வந்த புயலுக்கும் ஒரே ஆள் திட்டு வாங்கும் தொழில் எங்களுடையது. நாளை நடப்பதை இன்றே சொல்லிவிட்டு விழித்தவர்கள் எல்லோருக்கும் இது புரியும்.

கடல் எங்கே?

நான் ஆராய்வது கடலோரப் புயல்களை, குடியிருப்பது திண்டுக்கல்லில். கரையைக் கடந்த புயல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உள்ளே வந்து எவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்து மழை அளவுகள் போதவில்லை. எனவே ஊர் ஊராக மழைமானி வைக்கக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் கேட்டார்: "கடலே இல்லாத ஊர்ல புயலுக்கு வலை போடுறீங்களா சார்?"

திங்கட்கிழமை மழை

வடமதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சவரிமுத்து, தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுத ஒப்புக்கொண்டார். ஓராண்டு கழித்து நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே இல்லை. திங்கட்கிழமைகளில் கொட்டித் தீர்த்திருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அவரிடமே கேட்டேன். ஞாயிறு அந்நேரம் சர்ச்சில் பூசையில் இருப்பாராம். மறுநாள் சேர்த்து எழுதிவிடுவாராம்.

இரண்டு நாள் மழை ஒரே நாளில் ஏறினால் சாதாரண மழைகூடப் பெருமழை ஆகிவிடும் என்றேன். "அப்ப சாமியார்ட்டச் சொல்லிப் பூசை நேரத்த மாத்துங்க சார்."

பிஞ்சு மொட்டு

நிலக்கோட்டையில் பாண்டியம்மாளின் மல்லிகைத் தோட்டத்திலும் ஒரு மழைமானி. நனைந்த பூ விலை போகாது. புயல் மழை நாளை வரும் என்றேன். அவர் அன்றே பிஞ்சு மொட்டையெல்லாம் பறித்துத் தள்ளிவிட்டார். பிஞ்சு மொட்டு பாதி விலைக்குத்தான் போனது. புயலோ வடக்கே திரும்பிவிட்டது. மறுநாள் வெயிலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மழைமானி மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். "இருக்கட்டும் சார். அது பொய் சொல்லலையே."

ஒரு குடம் புயல்

அடுத்த புயல் நேரே எங்கள் பக்கம் திரும்பியது. இம்முறை, "வரத்தான் வாய்ப்பு அதிகம்; வராமலும் போகலாம்" என்றேன். பாண்டியம்மாள் பாதித் தோட்டத்தைப் பறித்தார்.

புயல் வந்தது. கரண்டும் போனும் போயின. வடமதுரை மழைமானி காற்றில் சாய்ந்துவிட்டது. நிலக்கோட்டையில் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த மழைக்குக் கணக்கு கிடையாது. அந்த அளவு இல்லாவிட்டால் அடுத்த புயலுக்கும் நான் குத்துமதிப்பாகத்தான் சொல்ல வேண்டும்.

பஸ் ஓடத் தொடங்கியதும் போனேன். பாண்டியம்மாள் மூடிபோட்ட பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். மழைமானி நிரம்ப நிரம்ப, நனைந்துகொண்டே போய்க் குடத்தில் ஊற்றியிருக்கிறார். அளவுக் குவளையால் முகந்து இன்னொரு குடத்தில் ஊற்றினோம். நடுவில் எனக்கு எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து அளக்க வைத்தார். "அம்புட்டும் இருக்கு சார், சொட்டுக் குறையாம. அடுத்த தடவ தப்புச்சுன்னா, தண்ணி பத்தலன்னு சொல்லப்படாது."

நிலக்கோட்டை அளவு இப்போது என் கணிப்பில் ஏறிவிட்டது. இனித் தப்பினால் சொல்வதற்குச் சாக்குதான் கைவசம் இல்லை.