முத்தையாபுரத்துக் கேஸ்

பகவதி எதையும் சட்டென்று நம்ப மாட்டாள். பால்காரன் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பாள். மீன்காரி சத்தியம் செய்தாலும் செதிலைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். வளவில் சுற்றிக் குடியிருந்த பெண்கள் அவளுக்குச் 'சிஐடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதற்காக அவள் மாறிவிடவில்லை.

பிறந்தது உடன்குடிப் பக்கம். அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வாசனை சோப்பும் தேயிலையும் கொண்டுவருவார், போவார். அவர் இறந்து கருமாதி நடந்தபோது, கப்பலேறி வந்த ஒரு பெண்ணும் அவள் மகளும் முற்றத்தில் நின்று, "அப்பா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பகவதியின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்குப் பகவதிக்கு வயது பதினாலோ பதினைந்தோ. அந்தப் பெண்ணின் மகளுக்கும், அப்பாவிடமிருந்து தனக்கு வந்த அதே மூக்கு இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு தூத்துக்குடியில் வன்னியபெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் கிளியரிங் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். புதுத் துறைமுகத்தில் கப்பல் கொண்டுவந்த சாமான்களை லாரியில் ஏற்றிக் குடோனில் சேர்ப்பது அவன் பொறுப்பு. நல்ல மனுஷன்தான். ஆனால் கேட்டால்தான் வாயைத் திறப்பான், அதுவும் பாதிதான் திறப்பான். பிள்ளை இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பகவதி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் 'கேஸ்' என்ற சொல் அவளுக்கு நன்றாகப் பழகியது. நர்ஸுகளுக்கு யாருக்கும் பெயர் கிடையாது. சிசேரியன் கேஸ், ரத்தம் குறைஞ்ச கேஸ், ஜன்னலோரத்துக் கேஸ். காலையில் வந்து, "அந்தக் கேஸ் என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டு, "முடிஞ்சு போச்சு" என்று பதில் வந்தால், பகவதி மெத்தை விரிப்பை உருவப் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்தால் புருஷன் வாயில் அதே சொல் வேறு பொருளில் இருக்கும். அவனுக்குக் கேஸ் என்றால் மெஷின் சாமான் வருகிற மரப்பெட்டி. "இன்னைக்கு ஒரு கேஸ் உடைஞ்சு போச்சு" என்று அவன் முதல்முதலாகச் சொன்னபோது பகவதி, யாரோ ஒரு நோயாளி என்று நினைத்துச் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். ஊரில் அண்ணன் வரப்புத் தகராறில் போட்டிருந்தது இன்னொரு கேஸ். தெருமுனையில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு நடமாடும் பெண்ணை, "அது ஒரு மாதிரிக் கேஸு" என்று ஆண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லுவதும் அவளுக்குத் தெரியும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. வெயில் காலம். கம்பெனி கிளார்க் அருமைநாயகம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பகவதி அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். முன்னறையில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேசினால் அவளுக்குக் காது கூர்மையாகிவிடும்.

"கேஸ் எப்படி இருக்கு ஓய்?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"முத்தையாபுரத்துலதான் இருக்கு. நான் தெனம் போய்ப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"வீட்டுல?"

"மூச்சு விடல."

"விட்டுறாதீரும். வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் அசிங்கம்."

பகவதி காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். "வாங்க மதினி" என்று சிரித்தார் அருமைநாயகம். அவளும் சிரித்தாள். அடுக்களைக்குத் திரும்பியதும், 'ஒரு மாதிரிக் கேஸு' என்று ஆண்கள் சொல்லுவது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் எதைப் பார்த்தாலும் அதோடு பொருந்தியது. அவன் பிந்தி வருவது. பேக்கரியில் ரொட்டி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போவது. கொடியில் கிடந்த பழைய வேட்டிகள் காணாமல் போனது. "வேட்டிய எங்கங்க?" என்று கேட்டதற்கு, "குடோன்ல மெஷின் தொடைக்கக் கொடுத்தேன்" என்றான். அவன் கண் சுவரைப் பார்த்தது. அவளுக்குக் கொழும்புக்காரியின் மகள் மூக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளை எடுத்ததும், பகவதி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். முத்தையாபுரத்தில் இறங்கி ஒரு பெட்டிக்கடையில் சோடா வாங்கினாள்.

"அண்ணாச்சி, ஹார்பர் வேலைக்காரரு ஒருத்தரு இங்கன அடிக்கடி வருவாவளாமே, சைக்கிள்ல?"

"நெட்டையா, கண்ணாடி போட்டவரா? இப்பதானம்மா திரும்பிப் போனாரு. அந்தக் கடைசி வீட்டுக்கு வருவாரு. அங்கன புதுசா ஒரு பொம்பள வந்திருக்கு."

சோடாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது சின்ன வயதுப் பெண். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"யாருக்கா வேணும்?"

"வன்னியபெருமாள் பொண்டாட்டி நான். நீ யாருளா?"

அந்தப் பெண் சண்டைக்கு வருவாள், இல்லையென்றால் கதவை அடைப்பாள் என்று பகவதி நினைத்திருந்தாள். அவளோ அப்படியே இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி வீட்டு அக்காவா? உள்ள வாங்கக்கா. ஆனா வெளிய யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

வாசற்படி தாண்டியதுமே வாடை வந்தது. கட்டு மாற்றும் அறையில் எத்தனையோ தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அதே வாடை. பாயில் ஒருவன் கண்ணை மூடிக் கிடந்தான். வலது கால் முழங்கால்வரை கட்டுப் போட்டிருந்தது. கட்டின் ஓரத்தில் ஓடிய பச்சைக் கரை, அவள் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கரை.

பெண்ணின் பெயர் சங்கரம்மாள். ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரர்கள். அவள் புருஷன் பேச்சிமுத்து கம்பெனிக் குடோனில் சுமை வேலைக்கு வந்தவன். தூக்கிய பெட்டி கயிறு அறுந்து அவன் கால்மேல் விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், போலீஸ் வரும், கம்பெனி மேல் கேஸ் ஆகிவிடும். இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்து, வாயை மூடிக்கொண்டிருந்தால் நிரந்தர வேலை தருகிறோம் என்றார்களாம். ஒரு கம்பவுண்டர் வந்து கட்டிவிட்டுப் போகிறான். "சரியாயிரும்னு அண்ணாச்சி சொல்லுதாவ அக்கா. ஆனா ரெண்டு நாளா இவிய என்னை யாருன்னு கேக்காவ" என்று அழுதாள் சங்கரம்மாள்.

பகவதி அவன் நெற்றியில் கை வைத்தாள். அடுப்புக்கல் மாதிரி இருந்தது. மனசுக்குள் திரட்டி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தெருவுக்கு ஓடிவந்து, காலிச் சாக்குகளோடு நின்ற ஒரு மாட்டுவண்டியை மறித்தாள். பெட்டிக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேருமாகப் பாயோடு தூக்கி ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி அடிபட்டுச்சு?"

சங்கரம்மாள் பகவதியைப் பார்த்தாள். பகவதிக்குப் புருஷன் முகம் ஒரு கணம் வந்து போனது.

"கம்பெனிக் குடோன்ல பெட்டி விழுந்துட்டு. கயிறு அறுந்து."

"அப்போ போலீஸுக்குச் சொல்லணும். இது கேஸாயிரும்மா."

"ஆகட்டும். எழுதுங்க."

உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் வன்னியபெருமாள் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கட்டிலில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கயிறு இத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்ளா."

"பெட்டியத் தூக்கச் சொன்னது யாரு?"

அவன் கண் மறுபடியும் சுவருக்குப் போனது.

வழக்கு நடந்தது. வன்னியபெருமாள் சாட்சிக் கூண்டில் ஏறி, கயிறு பழசு என்றும் அது கம்பெனிக்குத் தெரியும் என்றும் சொன்னான். அதோடு வேலை போயிற்று. அருமைநாயகம் தெருவில் எதிர்ப்பட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில் பேச்சிமுத்து ஏரலில் ஒரு சைக்கிள் கடை போட்டான். வன்னியபெருமாள் முத்தையாபுரத்திலேயே பலசரக்குக் கடை திறந்தான். பகவதி ஆஸ்பத்திரி வேலையை விடவில்லை.

சங்கரம்மாள் வருஷாவருஷம் கோயில் கொடைக்கு வந்து, "எங்களுக்கு அண்ணாச்சிதான் தெய்வம், தெனம் வந்து பாத்தாவளே" என்பாள். வன்னியபெருமாள் எழுந்து கடைக்குள் போய்விடுவான். தினமும் ரொட்டியோடு போனது இரக்கத்திலா, அவர்கள் வெளியே போய் வாயைத் திறந்துவிடாமல் காவல் காக்கவா? பகவதி இதை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். இரண்டும்தான் என்று ஒருநாள் சொன்னான். அதையும் அவள் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான், இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, அவன் சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்.