முயல் குழம்பில் திரிந்த பால்

நான் வாழ்க்கைப்பட்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் வந்த வருஷம், கடலைக்கொடி பிடுங்கி முடித்த காட்டில் ஆண்கள் வலை கட்டி முயல் பிடித்தார்கள். என் வீட்டுக்காரரின் பங்காக ஒரு முழு முயல் வந்தது. அதைச் சமைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிட, விட்டுப் பார்த்தார்கள் என்பதே சரி.

அந்த வீட்டில் என் கை எங்கே போகிறது என்று எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. காரணம் என் வீட்டுக்காரர்தான். யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு ஏர் அவிழ்த்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தால் சிரித்தார். மாமியார் இதைக் கவனித்துவிட்டார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். ஒருநாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, அந்த எருமையிடம் சொல்வதுபோல, "சிரிக்காத பையன் சிரிக்கறான். சும்மா சிரிப்பானா?" என்றார்.

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைப்பார்கள் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். ஆற்றங்கரைப் பெண்களுக்கு அது கைவந்த வேலை என்றும் பேச்சு. நான் காவிரிக்கரை மோகனூர்க்காரி. போதாததற்குக் கூச்சக்காரி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். அதையும் கள்ளத்தனம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வேட்டைக்கறியை உள் அடுப்பில் ஏற்றமாட்டார்கள். வாசலில் கல் கூட்டி, அதற்கென்று ஒதுக்கிய மண்சட்டியில்தான் வேக வேண்டும். கறியில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவிட்டேன். மல்லியும் மிளகும் வரமிளகாயும் வறுத்து அம்மியில் அரைத்துச் சேர்த்தேன். முயல் கறியில் கொழுப்பு கிடையாது. வாயில் நார்போல நிற்கும். அதனால் எங்கள் அம்மா கெட்டித் தேங்காய்ப்பாலில் கசகசாவை அரைத்துக் கலந்து கடைசியில் ஊற்றி, பால் திரியாமல் இருக்க உடனே தீயை வெளியே இழுத்துவிடுவார். குழம்பு ஆடைபோலக் கறியில் ஒட்டிக்கொள்ளும். என் அப்பா கொண்டுவந்து போட்ட தேங்காய்கள் மூலையில் கிடந்தன. அந்த வீட்டில் தேங்காய் என்றால் சாமிக்கு உடைப்பது, மிஞ்சினால் துவையல்.

கசகசா என் முந்தானை முடிச்சில் இருந்தது. அஞ்சறைப் பெட்டி அத்தையின் பொறுப்பு. இதையும் அதில் போடட்டுமா என்று கேட்க வாய் வராமல் இத்தனை நாளும் இடுப்பிலேயே வைத்திருந்தேன். முடிச்சை அவிழ்க்கும்போது மூத்த மருமகள் பார்த்துவிட்டாள். அவளை அக்கா என்பேன்.

"அதென்ன கண்ணு முடிச்சு?"

"கசகசாங்க அக்கா. அம்மா குடுத்துச்சு."

"கசகசாவையா தாலிக்காசாட்டம் முடிஞ்சு வெச்சிருக்கே?"

கசகசாவை அரைத்துத் தேங்காய்ப்பாலில் கலந்தேன். பாலை ஊற்றினேன். தீயை இழுக்கக் குனிவதற்குள் அக்கா, "கறி இன்னும் வேகோணும்" என்று ஒரு கட்டுக் காய்ந்த பருத்திமாரை அடுப்பில் திணித்தாள். தீ சட்டியைச் சுற்றி ஏறியது. பால் பொங்கி, திரிந்து, வெள்ளை வெள்ளையாகக் கட்டி மேலே மிதந்தது. அவள் தெரியாமல் செய்தாளா, தெரிந்து செய்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் உள்ளே போன வேகத்தில் அத்தை வெளியே வந்தார்.

"என்ன மெதக்குது?"

"தேங்காய்ப் பாலுங்க அத்தை. திரிஞ்சு போச்சுங்க."

"மாட்டுப் பால் திரியும். தேங்காய் எங்காச்சும் திரியுமா? ஆருகிட்டச் சொல்றே?"

ஒரு கரண்டி எடுத்துக் குப்பைமேட்டில் கோழிக்கு ஊற்றினார். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு அலகை மண்ணில் இருபுறமும் தேய்த்தது. கோழி எதைத் தின்றாலும் அலகைத் தேய்க்கும். இருந்தும் பின்னாலேயே வந்த அக்கா, "பாருங்க, பாருங்க, வாயத் தொடைக்குது" என்றாள்.

"உங்கொப்பனுக்கு இப்பவே ஆள் உடறேன். வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார் அத்தை.

மருந்து வைத்தவள் என்று அனுப்பிய பெண்ணை மோகனூரில் யார் வீட்டுக்குள் விடுவார்கள்? என் தங்கையை யார் கட்டுவார்கள்? மிச்சமிருந்த அரைமூடித் தேங்காயை எடுத்து அத்தையின் கண் முன்னால் துருவினேன். பிழிந்து, ஒரு சின்னச் சட்டியில் ஊற்றி அதே தீயில் வைத்தேன். வேறு எதுவும் போடவில்லை. அது பொங்கி, திரிந்து, அதேபோல வெள்ளையாகக் கட்டி மிதந்தது. அத்தை குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"செரி. இது தேங்காய். அந்த முடிச்சு?"

மீதிக் கசகசாவை அவர் கையில் கொட்டினேன். முகர்ந்து பார்த்தார். வாயில் போடவில்லை.

"அப்போ மொதல்ல நீ தின்னு."

ஆண்கள் சாப்பிடுவதற்கு முன் அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் சாப்பிட்டதில்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் கை கழுவிவிட்டு வந்து நிற்கிறார்கள். நான் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், களியைக் குழம்பில் தொட்டுத் தின்றேன். கறி பூப்போல வெந்திருந்தது. அதை நினைக்கக்கூட அப்போது பயமாக இருந்தது. நான் விழுங்குகிறேனா என்று அத்தை என் தொண்டையையே பார்த்தார்.

அதன் பிறகுதான் ஆண்களுக்கு ஊற்றினார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பாராட்டிவிடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றார்.

அத்தையின் கரண்டி அப்படியே நின்றது. "பாத்தீங்களா? இவன் எந்தக் காலத்துல ரெண்டாந்தரம் கேட்டான்?" என்று மாமனாரிடம் கேட்டார்.

மாமனார் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டுத் தன் தட்டையும் நீட்டினார். "எனக்கும் மருந்து வெச்சுப்போட்டா போல இருக்குது. ஊத்து."

அக்காவே சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு தட்டிலும் ஊற்றினார். ஆள் அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

அத்தை மட்டும் அன்றைக்கு மோரில் களியைக் கரைத்துக் குடித்தார். எல்லாம் முடிந்து நான் சட்டியைக் கழுவ எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "வையி சாமி, நானே கழுவிக்கறேன்" என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோய், சட்டியைச் சாய்த்து, அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று விரலால் வழித்து வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.