பெரியப்பா பேசிய மூன்று நிமிடம்

பெரியப்பா எம்.பி. ஆகிப் பதினோரு மாதமாகியும் டெல்லியில் வாயைத் திறக்கவில்லை என்பது வடக்கனந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் என்னை ‘ஊமை எம்.பி. வூட்டுப் பொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள். கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர், வார்டு மெம்பரானார், ஒன்றியத் தலைவரானார். பிறகு கட்சியில் இரண்டு பெரிய தலைகள் சீட்டுக்கு அடித்துக்கொண்டதில், இருவருக்கும் பொதுவாக இவரை நிறுத்தினார்கள். ஜெயித்தும் விட்டார். தனக்குப் பேசத் தெரியும் என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால், நாளை மதியம் பேசப்போகிறேன், டிவியில் வரும் என்று அவர் போன் செய்ததும் வீடே தலைகீழானது. அப்பா கரண்டை நம்பாமல் மைக் செட்காரரிடம் ஜெனரேட்டரையே வாங்கிவந்துவிட்டார். பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். டிவியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தோம். என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரையும் நானே தேடிப் போய்க் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

யார் யாரோ பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. திடீரென்று பெரியப்பா!

“வந்துட்டாரு, வந்துட்டாரு!” என்று அப்பா கத்தியதில் அவர் முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

“சும்மா இருங்க, அவுரு பேசறது காதுல உழட்டும்” என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. இரண்டு வரி படித்தார். நிறுத்தினார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஐயா, எங்க கல்வராயன் மலையில ஒரு ஊருக்கு ரோடு கெடையாது. பிரசவத்துக்குப் பொம்பளைங்கள கட்டில்ல வச்சித்தான் தூக்கிக்கினு எறங்கறாங்க. போன மாசம் நான் அங்க போயிருந்தேன். ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சி. கட்டிலோட ஒரு காலு நானும் புடிச்சிக்கினுதான் எறங்கனேன்…”

மணி அடித்தது. நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பேசிக்கொண்டேயிருந்தார். சட்டென்று சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

அங்கே மைக்கை அணைத்தது தெரியாமல், டிவிதான் காலை வாரிவிட்டது என்று நினைத்து நான் பாய்ந்துபோய்ச் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அடுத்து எழுந்தவரின் இந்தி, தெருவே அதிரும்படி வெடித்தது. யாருக்கு என்ன கவலை? விசில் பறந்தது. ஜெயித்த அன்று மிச்சமான சரவெடியை அப்பா கொளுத்தினார். முன்வரிசைக்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். பெரியம்மா மட்டும், “முழுசா சொல்ல உட்டாங்களா இல்லியா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில், சின்னசேலம் ஸ்டேஷனில் மேளத்தோடு நின்றோம். மலையிலிருந்தும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் ஆடவில்லை. பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கூட்டத்தில் புகுந்து அவர் வேட்டியை இழுத்தேன்.

“பெரிப்பா, மைக்கு நின்னப்புறம் இன்னா சொன்னீங்க?”

அவர் குனிந்தார். “அந்தப் பொண்ணு பேரச் சொன்னேம்மா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மந்திரியை வெளுத்து வாங்கியிருப்பார் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். மேளத்துக்கு முன்னால் ஆடப் போய்விட்டேன்.

அவர் மடித்து வைத்த காகிதம் கட்சி எழுதிக்கொடுத்ததாம். அடுத்த தேர்தலில் அவரை நிறுத்தவில்லை. குறைப்பட்டுக்கொள்ளாமல் மறுபடி கரும்பு நட்டார். மலையில் பாதித் தூரத்துக்கு ரோடு வந்தது.

கட்டில் அடிவாரம் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு உயிரில்லை என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிழைத்திருந்தால் அவள் பெயரை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்துப் பார்க்கிற வயதும் அப்போது எனக்கில்லை.