திண்டிவனத்துக்குப் பாட்டெழுதிய டச்சுக்காரம்மாவுடன் இரண்டு நாள்

பனமலைக்கு எப்படிப் போவது, ஒரே நாளில் மயிலமும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டு இந்த வாரம் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் பனமலை என்ற பேரைக் கேட்டாலே எனக்கு எண்பத்தாறாம் வருஷப் பயணம்தான் முன்னால் வந்து நிற்கும். அதைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. விழுப்புரத்தில் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பாண்டிச்சேரியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்த்த என் தோழி, ஹாலந்திலிருந்து ஒரு அம்மா வந்திருப்பதாகவும், அவர் திண்டிவனம் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும் சொல்லி அனுப்பினாள். கூடப் போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். மகாபலிபுரம் கேட்பார்கள், செஞ்சிக் கோட்டை கேட்பார்கள். திண்டிவனத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பஸ் மாறுகிற ஊர் அது.

அந்த அம்மாவின் பெயர் லீஸ்பெத். ஐம்பதைத் தாண்டியவர். நெட்டையாக, ஒல்லியாக, வெயிலில் சீக்கிரம் சிவந்துபோகிற முகம். என்ன வேலை என்று கேட்டேன். பாட்டு எழுதுவதாகச் சொன்னார். பாடகர்களுக்கும் ரேடியோவுக்கும் எழுதுவது. முப்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. மெட்டுப் போடுவது அவர் கணவர் ப்ராம். அவர் பியானோவில் மெட்டை வாசித்துக் காட்டுவார். இவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே வார்த்தை போடுவார். நம் சினிமாக்காரர்கள் "தன்னன்னா" போட்டு மெட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி, இவர் முதலில் காய்கறிப் பெயர்களைப் போட்டு நிரப்பி வைப்பாராம். பிறகு ஒவ்வொரு காயாக எடுத்துவிட்டு வார்த்தை வைப்பாராம்.

ஒரு தடவை ப்ராம் போட்ட மெட்டில் ஒரு இடத்துக்கு நான்கு அசை வேண்டியிருந்தது. மூன்றாவது அசை நீண்டு ஒலிக்க வேண்டும். எந்தக் காயும் பொருந்தவில்லை. மகனுடைய பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டியபோது தென்னிந்தியாவில் கண்ணில் பட்டது 'திண்டிவனம்'. அவர்கள் வாயில் அது 'திண்டிவானம்'. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தி, "பாத்திரத்தை நீயே கழுவு, நான் திண்டிவனம் போகிறேன்" என்று கிளம்புகிற பாட்டாக அது முடிந்தது. நன்றாக ஓடியதாம். அவர்கள் தெருவில் யாராவது கோபித்துக்கொண்டால், "என்ன, திண்டிவனம் கிளம்பியாச்சா" என்று கேட்கிற அளவுக்கு ஓடியதாம். இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர், கடல் தாண்டி யார் வீட்டுச் சண்டையிலோ அடிபட்டிருக்கிறது!

என்றைக்காவது இரண்டு பேருமாக அந்த ஊரைப் போய்ப் பார்க்கலாம் என்று ப்ராம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கு முந்தின வருஷக் குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் ஒரு வரிகூட எழுதவில்லை. வேறு இசையமைப்பாளர்கள் மெட்டு அனுப்பினார்கள். காய்கறிகளோடு அப்படியே நின்றுவிட்டன. இதையெல்லாம் அவர் எந்தப் பதற்றமும் இல்லாமல், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எழுத வருமா வராதா என்று இங்கே தெரிந்துவிடும், வராவிட்டால் ஊருக்குப் போய் வேறு வேலை பார்க்கப் போகிறேன் என்றார்.

நேரே திண்டிவனம் போயிருக்கலாம். அவருக்கு அந்த ஊரை உடனே பார்க்கத் துணிவு வரவில்லை என்று எனக்குப் பட்டது. அதனால் முதல் நாள் பனமலையைக் காட்டலாம் என்று நானே முடிவு செய்தேன்.

விழுப்புரத்திலிருந்து அன்னியூர் வழியாகப் போகிற டவுன் பஸ். காலை ஏழு மணிக்கு ஏறினோம். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் வழியெல்லாம் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றி இறக்கினார்கள். கண்டக்டர் லீஸ்பெத்தை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு என்னிடம், "இந்தம்மாவுக்கு அங்க இன்னா இருக்குதுன்னு இட்டுக்கினு போறீங்க? கோயிலு பூட்டியில்ல இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. கீழே ஊருக்குள் விசாரித்து, சாவி வைத்திருந்த குருக்களைக் கூட்டிக்கொண்டுதான் மேலே ஏறினோம்.

தாளகிரீஸ்வரர் கோயில் பல்லவர் காலத்தது. குன்றின் தலையில் இருக்கிறது. ஏற்றம் கடினமில்லை. பக்கத்துச் சிறு சன்னதிச் சுவரில் குடைக்குக் கீழே ஒரு தேவி, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் ஓவியம் பாதி அழிந்து மிச்சமிருக்கிறது. லீஸ்பெத் அதையும் பார்த்தார், மேலிருந்து ஏரியையும் பார்த்தார். மழை நன்றாகப் பெய்த வருஷம், ஏரி நிரம்பிக் கிடந்தது. அழகாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார். மனம் அதில் இல்லை.

இறங்கி வருகிற வழியில்தான் பாட்டுச் சத்தம் கேட்டது. ஏரிப் பாசன வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நவரைப் பட்டத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முன்னால் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். லீஸ்பெத் அப்படியே வரப்பில் நின்றுவிட்டார். எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டை உடம்பு, கணீரென்ற குரல். பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் பாட்டை மாற்றினாள்.

"கொடையில்லா வெயிலுல கொக்கு ஒண்ணு நிக்குதடி
கொக்குக்கும் நாத்துக்கட்டு கொண்டாந்து போடுங்கடி"

எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு யார் என்று நான் சொன்னதும் லீஸ்பெத்தும் சிரித்தார். அவள் அந்த இடத்திலேயே யோசித்துப் பாடியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு இன்னும் உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தார். பச்சையம்மா அடுத்ததை எடுத்தாள்.

"ஒத்தையில வந்தவளே ஊரு தாண்டி வந்தவளே
கட்டின புருசனத்தான் எங்க நீ விட்டு வந்த"

இந்தத் தடவை சிரிப்பு பலமாக எழுந்தது. தொலைவிலிருந்து தனியாக வந்தவளே வா என்று வரவேற்கிறார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

லீஸ்பெத் என் முகத்தைப் பார்த்தார். (எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன்.)

"நீ சொன்னது சின்னதாக இருக்கிறது. அவள் பாடியது அதைவிட நீளம். வரவேற்புக்கு யாரும் இப்படிச் சிரிக்க மாட்டார்கள். நான் பாட்டுக்காரி, எனக்குத் தெரியும். மிச்சத்தையும் சொல்."

சொன்னேன். வேறு வழி இல்லை. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு, "கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிடு" என்றார்.

நான் வரப்பில் நின்றபடி, "அக்கா, அவங்க வீட்டுக்காரரு போன வருசம் எறந்துட்டாருக்கா" என்றேன்.

நட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. கடைசியில் இருந்த ஒருத்தி பச்சையம்மாவைப் பார்த்து, "உன் வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா" என்று முணுமுணுத்தாள். பச்சையம்மா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அவரு பேரு இன்னா?"

"பிராம்."

"ராமரா?"

"இல்லக்கா, பிராம்."

"இன்னா வேல பண்ணிக்கினு இருந்தாரு?"

அவர் மெட்டுப் போடுவார், இந்தம்மா அதற்குப் பாட்டுக் கட்டுவார், முப்பது வருஷமாக இரண்டு பேருக்கும் அதுதான் தொழில் என்றேன். பச்சையம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றாள். குனிந்தாள். ஒரு முடி (கட்டு) நாற்றை எடுத்தாள். அதே மெட்டுதான், ஆனால் பாதி வேகத்தில், இழுத்துப் பாடினாள்.

"பாட்டுக்கு மெட்டு வெச்ச பிராமு மகராசா
மெட்ட எடுத்துக்கினு மேக்கால போனதென்ன
கட்டிவெச்ச பாட்டெல்லாம் காத்துக்கினு நிக்குதய்யா
விட்டுப்போன பொஞ்சாதி வெயிலுல நிக்குறாளே"

மற்றவர்கள் ஒவ்வொரு அடியையும் வாங்கிப் பாடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கையும் நிற்கவில்லை. நடவு வரிசை பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிராமு என்ற பெயர் வந்த இடம் அவருக்கே புரிந்திருந்தது. கட்டிவைத்த பாட்டெல்லாம் காத்துக்கொண்டு நிற்கின்றன என்று நான் சொன்னபோது லீஸ்பெத் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். சத்தமில்லாமல், வெகுநேரம். அடக்கச் சடங்கில்கூட அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்று மாலை சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்களும் ஆறுதல் சொல்ல வரவில்லை. பாடிக்கொண்டே இருந்தார்கள். அதுதான் சரியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அழுது முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். பச்சையம்மா ஒரு முடி நாற்றைக் கொடுத்தாள். கொக்கு நட்டதைப் பின்னாலேயே ஒருத்தி பிடுங்கித் திருத்தி நட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். மதியம் கேப்பைக் கூழும் பச்சை மிளகாயும் கொடுத்தார்கள். கூழைக் குடித்தார். மிளகாயைக் கடித்தவர் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை எட்டரைக்குத் திண்டிவனம் பஸ் ஏறினோம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். விக்கிரவாண்டியில் டீ. அங்கிருந்து கிளம்பியதும் கண்டக்டர், "கூட்டேரிப்பட்டு எறங்குறவங்க ஜல்தி முன்னால வாங்க" என்று குரல் கொடுத்தார். லீஸ்பெத் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அசை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்துதான் மயிலம் பிரியும். திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

திண்டிவனம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. பஸ் நிலையம், லாரிகள், பழக்கடைகள், மல்லாட்டை மண்டி, எண்ணெய் மில் வாசனை. ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும் என்றார். மூன்று மொழியில் எழுதிய பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஏமாற்றமா என்று கேட்டேன். "இல்லை. கோபித்துக்கொண்டு வருவதற்கு நல்ல ஊர்தான். உட்கார பெஞ்சு இருக்கிறது, திரும்பிப் போக ரயிலும் இருக்கிறது" என்றார்.

அந்த பெஞ்சில்தான் எழுதினார். கையில் அகப்பட்ட பிஸ்கட் பொட்டலக் காகிதத்தின் உள்பக்கத்தில். புது மெட்டு இல்லை. பச்சையம்மாவுக்கு யாரும் மெட்டுப் போட்டுக் கொடுக்கவில்லையே, இருக்கிற மெட்டிலேயே அன்றைக்கு வந்ததை வைத்தாளே என்றார். ப்ராமின் பழைய மெட்டையே எடுத்துக்கொண்டார். அதே திண்டிவனம் பாட்டு. வீட்டை விட்டுப் போன பெண் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பாடுகிறாள். ஒரு சரக்கு ரயில் கடந்துபோகும்வரை காத்திருந்து, எனக்கு மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன அர்த்தம் ஏறத்தாழ இப்படி:

திண்டிவனம் வந்துவிட்டேன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.
பாத்திரம் கழுவாமல் கிடக்கட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.
சண்டையை முடிக்க நீ இருந்தால் அடுத்த வண்டியில் திரும்புவேன்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். முதல் வரிக்குச் சிரிக்கத் தோன்றுகிறது, கடைசி வரிக்கு முடியவில்லை என்றேன். சரி, வேலை நடந்திருக்கிறது என்றார். மயிலத்துக்கு அன்று போகவில்லை. அவருக்கு எழுத வேண்டியிருந்தது. மாலை பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அந்தப் பாட்டை அவர்கள் ஊரில் ஒரு பாடகி பாடினார் என்றும், பிறகு வேறு இசையமைப்பாளர்களோடும் லீஸ்பெத் தொடர்ந்து எழுதினார் என்றும் தோழி மூலம் தெரிந்தது. அடுத்த வருஷம் பனமலை போனபோது பச்சையம்மாவைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். "அப்பாடா, எழுதிட்டாங்களா" என்றாள். அவ்வளவுதான். நாற்று அவசரம்.

இனி வழி. பனமலைக்கு விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடியுங்கள். திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். கோயில் சாவிக்குக் கீழே ஊரில் விசாரிக்க வேண்டும். மயிலத்தை அதே நாளில் சேர்த்தால் இரண்டையும் ஓடி ஓடித்தான் பார்ப்பீர்கள். தனி நாள் வையுங்கள். அமாவாசை அன்று கிளம்பாதீர்கள், மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் போனால் ஏரிப் பக்கம் நடவு நடக்கலாம். இப்போது இயந்திரமும் வந்துவிட்டது, பாட்டு கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்டால் நில்லுங்கள். உங்களைக் கேலி செய்தால் கோபப்பட வேண்டாம். மொழி தெரியாதவர் கூட இருந்தால் அர்த்தத்தைக் குறைக்காமல் முழுசாகச் சொல்லுங்கள். அவருக்குப் பதில் இருந்தால் சொல்லட்டும். நடுகிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள், பாட்டின் அடுத்த அடியில் அதற்கு இடம் வைப்பார்கள்.