விட்ட மீனும் வைச்ச கூழும்

மீன் பிடிச்சதுக்காக ஆரும் என்னை ஏசினதில்லை; பிடிச்ச மீனைத் திருப்பிக் கடலில விட்டதுக்குத்தான் எங்கட கரம்பொன் ஊர் முழுக்க ஏச்சு வாங்கினனான். வள்ளமும் வலையுமாப் பிழைக்கிற சகோதரங்களே, வாங்க வாற ஆக்களுக்கும் வீட்டுக்காரிக்கும் நடுவில நிண்டு முழிக்கிற பாடு உங்களுக்கும் தெரியும்தானே. சண்டை நிண்ட சமாதான காலத்தில, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து வெளிநாட்டுச் சனம் வந்து போன நேரத்தில, எனக்கு நடந்ததுகளைச் சொல்லுறன்.

சினை நண்டு

வலையில சினை நண்டு பட்டால் நான் விட்டிடுவன். வயித்துக்குக் கீழ அவ்வளவு முட்டையையும் அப்பிக்கொண்டு வாறதைப் பிடிச்சுக் கறி வைச்சால், பிறகு வலையில ஊரியும் பாசியும்தான் வரும். ஆனால் சனத்துக்கு அந்தச் சினை நண்டுதான் வேணும். அதின்ர ருசி அப்பிடி, பொய் சொல்லக்கூடாது.

வேலணையிலயிருந்து ஒரு ரீச்சர் அக்கா சனிக்கிழமையில பஸ்ஸில வருவா. குடையை மடக்கிக் கக்கத்தில வைச்சுக்கொண்டு, கூடைக்குள்ள கிடக்கிற நண்டெல்லாத்தையும் பிரட்டிப் பிரட்டிப் பாப்பா. ஒருநாள் அவவின்ர கண்ணுக்கு முன்னால ரண்டு சினை நண்டை வலையிலயிருந்து கழட்டித் தண்ணிக்குள்ள போட்டிட்டன். "ஐயோ, என்ன வேலை பாத்தனீர்!" எண்டு கத்திக்கொண்டு சீலையோட முழங்கால் தண்ணிக்குள்ள ஓடி வந்தா. நண்டு நிக்குமே? நான் நியாயத்தை ஆறுதலா எடுத்துச் சொன்னன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, சீலையைப் பிழிஞ்சு பிழிஞ்சு சொன்னா:

"நீர் கடலுக்குத் தொழிலுக்குப் போறீரோ, நண்டுக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போறீரோ?"

கனடாத் தூண்டில்

என்ர தம்பி தாசன் கனடாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு எங்கட அடுப்பில, பனங்கிழங்கு மாவில மீன் போட்டுக் காய்ச்சுற ஒடியல் கூழ் கொதிச்சுக்கொண்டிருந்தது. வாகனம் நேரத்தோட வந்திட்டுது. பெடியன் ஒரு வாய் குடிக்காமல் ஏறிப் போனான். என்ர மனிசி றீற்றா அதுக்குப் பிறகு எப்ப கூழ் காய்ச்சினாலும், "அந்தப் பிள்ளை பசியோட போனது" எண்டு ஒருக்கால் சொல்லாமல் அகப்பையை வைக்க மாட்டாள். அதால அவன் வாறான் எண்டதும் நான் ஒரே முடிவு: எங்கட கடலில எங்கட கையால பிடிச்ச மீனைப் போட்டு, அவன் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு பானை கூழ். அது நடந்தால்தான் என்ர நெஞ்சு ஆறும் எண்டு இருந்தனான்.

வந்தவன் பையைத் திறந்து, துண்டு துண்டாப் பூட்டுற தூண்டில் தடி ஒண்டை எடுத்தான். கனடாவில ட்றவுட் எண்டொரு ஆத்து மீனாம். இறகில ஈ மாதிரிக் கட்டி, அதைத் தண்ணிக்கு மேல ஆட்டி ஏமாத்திப் பிடிக்கிறதாம். வள்ளத்தில கூட்டிக்கொண்டு போனன். நல்லொரு கொடுவா பட்டுது. மாதாவே, கூழ் வந்திட்டுது எண்டு நான் கூடையை நீட்டுறன். அவன் கையை நனைச்சு மீனைத் தூக்கி, ஒரு படம் எடுத்து, அதின்ர தலையில ஒரு முத்தம் குடுத்து, தண்ணிக்குள்ள மெல்ல விட்டான்!

எனக்கு வந்த கோவத்துக்கு அவனையும் பின்னால தள்ளியிருப்பன். "டேய், தின்னுற எண்ணமில்லாட்டி அந்தச் சீவனின்ர வாயில ஏனடா குத்துறாய்? சாகடிச்சுத் தின்னுறவன் பாவியோ, குத்தி விளையாடுறவன் பாவியோ?" எண்டு கேட்டன். அவனுக்குக் கோவம் வரேல்லை. தூண்டில் முனையிலயிருந்த எதிர்முள்ளை நசுக்கி வைச்சிருக்கிறதைக் காட்டினான், மீனுக்குக் காயம் படாதாம். பிறகு சொன்னான்:

"அண்ணை, எனக்கும் மீனுக்கும் ஒரு போட்டி, நான் வெண்டிட்டன், அதுக்காக உயிரையும் பறிக்கிறதே?"

வெறுங்கூடை

கடலால வந்தால் கரையில நேவிக்காரர் காவல் நிக்கிற சென்றியில மீன்பிடிப் பாஸைக் காட்டோணும். சென்றிக்காரன் என்ர பாஸைப் பாத்தான், தம்பியைப் பாத்தான், கூடையைப் பாத்தான். கூடை காய்ஞ்சு கிடக்குது. விடியப் போன ரண்டு பேர், மத்தியானம் வரைக்கும் கடலில, ஒரு மீனுமில்லை. அப்ப எங்க போனவங்கள், ஆரைச் சந்திச்சவங்கள்? அவன்ர முகத்தில அதுதான் ஓடுது. "பிடிச்சு விட்டிட்டம்" எண்டு நான் சொல்ல, என்ர காதுக்கே அது பச்சைப் பொய்யாக் கேட்டுது.

உடன இவன் கமராவை எடுத்தான். சென்றியில கமராவோ! ஆனால் படத்தைப் பாத்த சென்றிக்காரன், உள்ளயிருந்த மற்ற ரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். தாசன் கொடுவாவை முத்தமிடுற படம். மூண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். பாஸைத் திருப்பித் தரேக்க, தனக்குத் தெரிஞ்ச தமிழில கேட்டான்:

"மீன் பிடிச்சது, மீன் விட்டது... அப்ப எதுக்கு கடல் போனது?"

குசினிக் கட்டளை

பிறகும் இதே கூத்துத்தான். ஓரா, பாரை, கொடுவா எல்லாத்துக்கும் படம், முத்தம், விடுதலை. நான் வலையில எடுத்த மீன் சந்தைக்குப் போயிட்டுது, ஏனெண்டால் கூழுக்குத் தம்பியின்ர கையால பிடிச்ச மீன்தான் வேணுமெண்டு நான் ஒற்றைக்காலில நிண்டனான். கடைசியா றீற்றா வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டாள்.

"தம்பி, முத்தத்தைக் கடலில குடும், மீனை என்ர குசினிக்குக் கொண்டு வாரும்."

கூழ்ப்பானை

அடுத்த நாள் விடிய அவன் கொழும்புக்கு வெளிக்கிடோணும். றீற்றா ஒடியல் மாவை ஊறப்போட்டு, பலாக்கொட்டையும் பயித்தங்காயும் அவியவிட்டிட்டு, பாத்துக்கொண்டிருக்கிறாள். தாசன் மாதா மேல சத்தியம் பண்ணினான், இண்டைக்கு ஒண்டையும் விடமாட்டன் எண்டு.

முதலில நண்டு வலையை இழுத்தம். மூண்டு நண்டு, மூண்டும் சினை. நான் அவன்ர முகத்தைப் பாக்காமல் கழட்டி விட்டன். பிறகு வெகு நேரம் ஒண்டுமில்லை. வெயில் ஏறி, இனித் திரும்புவம் எண்டிருக்க அவன்ர தடி வளைஞ்சுது. பெரிய கொடுவா! சொன்ன வாக்குத் தப்பாமல் மீனை என்ர கையில தந்தான். தூக்கிப் பாத்தன். வயிறு உப்பி, முட்டை நிறைஞ்சு கிடக்குது.

அங்க பானை கொதிக்குது. இஞ்ச மீன் என்ர கையில வாயைத் திறந்து திறந்து மூடுது. இவன் இனி எப்ப வாறானோ, பாதைதான் எவ்வளவு காலம் திறந்திருக்குமோ எண்டு நினைக்க எனக்கு அழுகை வந்திட்டுது. நண்டுக்கு ஒரு நியாயம், கொடுவாவுக்கு ஒரு நியாயமே? கையைத் தண்ணிக்குள்ள வைச்சு விட்டிட்டன். தாசன் கமராவைத் தூக்கிக்கொண்டு, "முத்தம் குடுக்க மறந்திட்டியள், அண்ணை!" எண்டு சிரிச்சான். நானும் சிரிச்சிட்டன்.

வெறுங்கூடையைக் கண்ட றீற்றா அலுமாரியைத் திறந்து, கடையில வாங்கி வைச்சிருந்த டின் மீனை எடுத்து, உடைச்சுப் பானைக்குள்ள கவிட்டாள். மூண்டு பேரும் குசினி நிலத்தில இருந்து, பனையோலையில மடிச்ச பிளாவில கூழ் குடிச்சம். தம்பி வேர்த்து ஒழுக ஒழுகக் குடிச்சு, பிளாவை வழிச்சு, "பசி ஆறிட்டுது அண்ணி" எண்டான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. றீற்றா அவன்ர பிளாவில இன்னொரு அகப்பை வாத்துக்கொண்டு சொன்னாள்:

"இது டின்னுக்குள்ள போன மீன், இதை அண்ணனாலயும் தம்பியாலயும் திருப்பி விட ஏலாது."

சினை பட்டால் இப்பவும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறன், ஆனால் எங்கட அலுமாரியில ஒரு டின் மீன் எந்த நாளும் இருக்கும்.