றீட்டா அன்ரியின் மகன்

மகளின் நாடகத்துக்காகத் தேங்காயெண்ணெயில் முத்துவெள்ளை ஒப்பனைப் பொடியைக் குழைத்தபோது எழுந்த வாசம், இன்று மாடிக் கட்டடம் நிற்கும் எங்கள் கொழும்புக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்து வீட்டு றீட்டா அன்ரி மேடையிலும் படத்திலும் காலமெல்லாம் யாருக்காவது தாயாகவே நடித்தவர். தனிக்கட்டைதான், ஆனாலும் மத்தியானங்களில் அந்த வீட்டுக்குள் பல கிழவிகள் இருமுவதும் முனகுவதும் கேட்கும்.

ஆமி வீடுவீடாகச் சோதித்த அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அண்ணனை அம்மா அவர் வீட்டில் ஒளித்துவைத்தார். முகத்தில் முத்துவெள்ளை பூசி, ஒசரிச் சேலை கட்டி, எங்களுக்கே அடையாளம் தெரியாத சிங்களத் தாயாகக் கதவைத் திறந்த அன்ரி, "என் மகன்" என்று சிங்களத்தில் சொல்லி அண்ணனை அணைத்துக்கொண்டார்.

ஆமிக்காரர் போனதும் அம்மா, "றீட்டாக்கா, போயிட்டாங்கள். பிள்ளையை விடுங்கோ" என்றார்.

அன்ரியின் கை தளரவில்லை.

"நீங்கள் யார், என் மகனைக் கேட்க?" என்றார், சிங்களத்திலேயே.